ஐந்நூற்றுப் பதின்மூன்று துண்டுகள்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். குரு சொர்ணத்தாய். அவருடைய சீடர் கோமதிநாயகம். கோமதிநாயகத்தின் மனைவி உலகம்மாள். உலகம்மாளுக்குத் துணையாகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை வரும் இசக்கி. ஐந்தாவது ஆள் நான். படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிறவன். அளவெடுக்க வந்திருந்தேன்.

குருவுக்கு வயது நாற்பத்தேழு. கோமதிநாயகத்துக்கு அறுபத்தொன்பது. எனக்கு அதற்கு மேல் இரண்டு. குரு பாளையங்கோட்டையில் மாவு மில் நடத்துகிறார். புதன்கிழமை மில் ஓடாது. அன்று நாங்கள் எட்டுப் பேர் போய் உட்காருவோம். கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் எந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அதற்கு முந்தின புதன்கிழமை கோமதிநாயகம் கேட்டார்.

"முடிஞ்ச ஒண்ணை அழியாம எப்படிம்மா வச்சுக்கிடணும்?"

"என்ன முடிஞ்சுது அண்ணாச்சி?"

"வீட்டில ஒரு ஜிக்சா படம், துண்டு துண்டாச் சேக்கது. அவ முடிச்சிருக்கா."

மற்ற ஏழு பேரும் அவர் வேறு எதையோ பெரிதாகக் கேட்கிறார் என்று நினைத்திருந்தோம். ஒருவர் சிரித்தும் விட்டார். குரு சிரிக்கவில்லை.

"அடுத்த புதன் வந்து பாக்கேன்" என்றார்.

அப்படித்தான் வந்தார். மில்லுக்குக் கட்டுகிற அதே சேலை. முந்தானையில் மாவு இருந்தது.

படம் சாப்பாட்டு மேசை மேல் இருந்தது. அதன் மேல் ஒரு போர்வை. கோமதிநாயகம் போர்வையை நான்கு மூலையும் பிடித்துத் தூக்கினார். ஏதோ வெளிநாட்டுத் துறைமுகம். கரையில் வரிசையாக ஏழு வீடு, ஏழும் ஏழு நிறம். ஜன்னல்கள் நாற்பத்தொன்று. மூன்று படகு. மீதி முழுக்க வானமும் தண்ணீரும். பெட்டியில் ஐந்நூறு துண்டு என்று போட்டிருக்கும். எண்ணினால் ஐந்நூற்றுப் பதின்மூன்று வரும். நீளவாக்கில் இருபத்தேழு, அகலவாக்கில் பத்தொன்பது. பெருக்கிப் பார்க்கலாம்.

உலகம்மாளுக்கு மறதி நோய். நான்கு வருஷமாகிறது. மகள் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. கைக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதால் மஸ்கட்டில் இருக்கும் மகள் இந்தப் படத்தை அனுப்பினாள். உலகம்மாள் முதல் தடவை பதினேழு நாளில் முடித்தார். பிரித்துக் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை முப்பத்தொரு நாள். அத்துடன் கோமதிநாயகம் பயந்துபோய் அதைப் பசை போட்டு ஒட்டி, என்னிடம் சட்டம் போடக் கொடுத்தார். கூடத்துச் சுவரில் அது தொங்குகிறது. உலகம்மாள் படத்தைக் கேட்டுக்கொண்டே இருந்ததால் மகள் அதே படத்தில் இன்னொரு பெட்டி அனுப்பினாள். மேசை மேல் இருந்தது அந்த இரண்டாம் பெட்டி. இதற்கு ஆனது தொண்ணூற்று நான்கு நாள்.

கோமதிநாயகம் ஒரு நோட்டைத் திறந்தார். சர்வே ஆபீசில் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

"அஞ்சு வழி இருக்கும்மா. மேல பசை தடவி ஒட்டிரலாம். இல்ல, திருப்பிப் போட்டு முதுகில டேப் ஒட்டலாம். கம்பளித் துணியில வச்சுச் சுருட்டியும் வைக்காங்க. ரெண்டு பிளைவுட்டுக்கு நடுவில வச்சுக் கட்டிலுக்கு அடியில தள்ளலாம். கடைசி வழி, எட்டுப் பாகமாப் பிரிச்சு எட்டுக் கவர்ல போட்டு, கவர் மேல நம்பர் எழுதிருதது."

"கட்டிலுக்கு அடியில வேண்டாம்வே" என்றேன் நான். "ஐப்பசி மழைக்கு அட்டை ஊதிரும். ராமபாணப் பூச்சி வேற அரிச்சிரும்."

"உம்மைக் கேக்கலவே. நீரு அளவை மட்டும் எடும்."

"எடுத்தாச்சு. பத்தொம்பதேகால் இஞ்சு, பதினாலேகால் இஞ்சு."

"நான் அளந்தப்போ பதினாலுதான் இருந்துச்சு."

"உம்மளோட சேந்து உம்ம ஸ்கேலும் ரிட்டயர் ஆயிட்டு."

இசக்கி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கோமதிநாயகம் அவளைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உலகம்மாள் இருந்தார். அறுபத்து நாலு வயது. தலை வாரிப் பொட்டு வைத்திருந்தது. வெளியேயும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. விரல்கள் மட்டும் முந்தானை ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தன. நான் எண்ண ஆரம்பித்து அறுபதில் நிறுத்திவிட்டேன்.

"மதினி ஏன் அங்க இருக்காங்க?" என்று குரு கேட்டார்.

"முடிஞ்சு பதினொரு நாளாச்சு. மேசைப் பக்கம் விடல. கலைச்சிருவா."

"பதினொரு நாளா சோறும் சரியா இறங்கலம்மா" என்றாள் இசக்கி. "நம்ம வீட்டுக்கு எப்ப போவோம்னு கேட்டுக்கிட்டே இருக்காக. இது உங்க வீடுதான்னா நம்ப மாட்டேங்காக."

குரு போய் உலகம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"மதினி, மேசையில ஒரு ஊர் இருக்கே. அது என்ன ஊரு?"

உலகம்மாள் மேசைப் பக்கம் திரும்பினார்.

"கடலுக்குப் பக்கம். மஞ்ச வீடு எங்க பெரியம்மைக்கு. பச்சை வீட்டில மாடி ஜன்னல்ல துணி காயப் போட்டிருக்கும் பாரு, அது எங்க மூத்த மதினி. துவைச்சா எடுக்கவே மாட்டா."

"சுவத்தில தொங்குததும் அதே ஊருதானே?"

"அது பூட்டிக் கிடக்கு."

"யாரு பூட்டினா?"

"ஆரோ. எல்லா வீட்டையும் பூட்டிட்டாங்க. நகத்தை வச்சுப் பாத்தேன். ஒண்ணும் திறக்கல."

"கண்ணாடி போடும் முன்னால, ஒட்டின மறுநாள்" என்றாள் இசக்கி. "நகம் பிஞ்சு ரத்தம் வந்துட்டும்மா. அதுக்கப்புறம்தான் சட்டம் போடக் கொடுத்தாக."

எனக்கு அது தெரியாது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நான் அடித்த ஆணிகள் பதினாலு. நான் தரையைப் பார்த்தேன்.

குரு எழுந்து மேசைக்கு வந்தார். படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக ஓட்டினார். மாவு பதம் பார்க்கிற மாதிரி.

"அண்ணாச்சி, இதை மதினி முடிச்சாங்களா?"

"ஆமா."

குரு அவரையே பார்த்தார். இசக்கி ஏதோ சொல்ல வந்து தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

"பெரும்பாகம் அவதான்" என்றார் கோமதிநாயகம்.

"பெரும்பாகம்னா?"

அவர் வேறு எதில் கூட்டிக் குறைத்துச் சொன்னாலும் எண்ணில் சொல்ல மாட்டார். எனக்கு அவரை இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும்.

"முந்நூத்தி எண்பத்தாறு."

"மீதி?"

"நூத்தி இருபத்தேழு. நான் வச்சேன்."

உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வீடெல்லாம் வச்சிட்டாம்மா. படகும் வச்சிட்டா. வானத்துக்கு வந்ததும் முடியல. எல்லாத் துண்டும் ஒரே நீலம். ஒத்தத் துண்டைக் காலையில கையில எடுத்தா மத்தியானம் வரைக்கும் அதையே வச்சுக்கிட்டு இருப்பா. ஒரு நாளைக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. அவ குளிக்கப் போகும்போது நான் மூணு, நாலு வைப்பேன். திரும்பி வந்து பாத்து, தான் வச்சதுன்னு நினைச்சுக்கிடுவா. போன சனிக்கு முந்தின சனிக்கிழமை அவ மத்தியானம் படுத்திருக்கையில உக்காந்து எல்லாத்தையும் வச்சு முடிச்சிட்டேன். எந்திச்சு வந்தா. நீ முடிச்சிட்டேன்னு சொன்னேன்."

"மதினி என்ன சொன்னாங்க?"

"நானான்னு கேட்டா. ஆமான்னேன். ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் போயி அந்த ஜன்னல்கிட்ட உக்காந்துக்கிட்டா."

கோமதிநாயகம் தானாகவே மேலே சொன்னார்.

"அடுத்த தடவை முந்நூறு வருமோ, நூறு வருமோ. அதுக்கடுத்து என்னையவே ஆருன்னு கேப்பா. அதுக்கு முன்னால, அவ கை முடிச்சதுன்னு ஒண்ணு என்கிட்ட இருக்கணும்மா. பின்னால எடுத்துப் பாத்துக்கிட. வேற ஒண்ணும் கேக்கல."

"இதில உங்களோடது எதுன்னு இப்பச் சொல்ல முடியுமா?"

"முடியும்."

நோட்டின் கடைசியில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார். கட்டம் போட்ட தாள். நீளத்தில் இருபத்தேழு கட்டம், அகலத்தில் பத்தொன்பது. உலகம்மாள் வைத்த துண்டுக்குப் பச்சைப் பென்சில். அவர் வைத்ததற்குச் சிவப்பு. ஒரு கட்டம்கூடக் கோட்டைத் தாண்டித் தீட்டவில்லை. கீழே பச்சை, மேலே போகப் போகச் சிவப்பு. சிவப்புக்கு நடுவில் அங்கங்கே ஒற்றை ஒற்றையாகப் பச்சை. வானத்தில் உலகம்மாள் வைத்தது பதினொன்று.

குரு தாளை நெடுநேரம் பார்த்தார்.

"இதை எதுக்கு வரைஞ்சீங்க?"

"கணக்கு தெரியணும்லா."

"யாருக்கு?"

கோமதிநாயகம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

குரு தாளில் ஒரு சிவப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டார். படத்தில் அதே இடத்தில் நகத்தைக் கொடுத்து அந்தத் துண்டை எடுத்தார். கோமதிநாயகத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது உங்களோடது."

அவர் கையை மூடிக்கொண்டார்.

"எல்லாத்தையுமா அம்மா?"

"உங்களோடதை மட்டும்."

"அப்புறம் படம்னு எதுவும் இருக்காதே."

குரு தாளை மேசையில் விரித்து அதன் மேல் தம்ளரை வைத்தார். அவ்வளவுதான்.

என்னிடம் கண்ணாடி ஓரத்தில் பட்டி பூசுகிற மெல்லிய தகடு இருந்தது. அதைக் கொடுத்தேன். இசக்கி ஒரு சில்வர் தாம்பாளம் கொண்டுவந்து வைத்தாள். கோமதிநாயகம் தாளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். முதலில் மெதுவாக. பிறகு கொஞ்சம் வேகமாக. வானத்தில் மேசை தெரிந்தது. அந்தப் பதினொன்றும் தனித்தனியாக மேசை மேல் நின்றன. அவற்றை இடம் நகராமல் விட அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இருபது நிமிஷம் ஆயிற்று.

நான் தாம்பாளத்தில் இருந்ததை எண்ணினேன்.

"நூத்தி இருபத்தாறு" என்றேன்.

"இருபத்தேழு" என்றார்.

"திரும்ப எண்ணட்டா?"

"இருபத்தேழுவே. நான் வச்சது எனக்குத் தெரியாதா?"

திரும்ப எண்ணினேன். நூற்று இருபத்தாறுதான். அவருடைய இடது கை இன்னும் மூடியே இருந்தது. குரு கொடுத்த முதல் துண்டு அதற்குள் இருந்தது. இத்தனையையும் ஒரு கையாலேயே எடுத்திருக்கிறார். நான் அந்தக் கையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு விரித்துத் தாம்பாளத்தில் போட்டார்.

அது விழுந்த சத்தத்துக்கோ, அதற்கு முன்னால் விழுந்த சத்தங்களுக்கோ தெரியாது, உலகம்மாள் எழுந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. நேராக மேசைக்கு வந்து, தான் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார்.

"இன்னும் முடியலையா?"

"இல்ல மதினி" என்றார் குரு. "அண்ணாச்சி சும்மா முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாங்க."

"அவுக அப்படித்தான். எல்லாத்துக்கும் அவசரம். பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக் காப்பி ஆறும் முன்னாலேயே எந்திச்சிட்டாக. எங்கப்பா பயந்து போயிட்டாக, பிடிக்கலையோன்னு."

"பஸ்சு போயிருமேன்னு எந்திச்சேன்" என்றார் கோமதிநாயகம்.

"பஸ்சு போச்சா?"

"போச்சு. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் உங்க வீட்டிலதான இருந்தேன்."

"அப்ப எதுக்கு எந்திச்சீக?"

இசக்கி இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

உலகம்மாள் தாம்பாளத்திலிருந்து ஒரு துண்டை எடுத்தார். நீலம். ஒரு இடத்தில் வைத்துப் பார்த்தார். சேரவில்லை. திருப்பினார். வேறு இடம். சேரவில்லை. கோமதிநாயகத்தின் கை மேசை மேல் ஊர்ந்து அந்தத் துண்டுக்கு உரிய இடத்துக்கு வந்தது. அவருக்கு எண் மனப்பாடம். நாலாவது வரி, பத்தாவது கட்டம்.

"அண்ணாச்சி" என்றார் குரு.

கை திரும்பிப் போய் மடியில் இருந்துகொண்டது.

இருபத்து நாலு நிமிஷம் கழித்து அந்தத் துண்டு சேர்ந்தது. சேரும்போது ஒரு சின்ன சத்தம் வரும். உலகம்மாள் அதை விரலால் அமுக்கினார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்ததை எடுத்தார்.

நாலேகாலுக்குள் மூன்று துண்டு வைத்தார். நடுவில் இசக்கி ஒரு கிண்ணத்தில் தயிர்ச்சோறு பிசைந்து கொண்டுவந்தாள். உலகம்மாள் இடது கையில் துண்டை வைத்துக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டார். இசக்கி கிண்ணத்தை எங்களுக்குக் காட்டிவிட்டுப் போனாள்.

சட்டம் பற்றி நான் குருவிடம் கேட்டேன். கடை அடைக்குமுன் கண்ணாடி வெட்டச் சொல்லவேண்டியிருந்தது.

"கண்ணாடி வேண்டாம் அண்ணாச்சி" என்றார். "மூடித் திறக்கிற மாதிரி ஒரு பலகை கொடுங்க."

நான் பின்பக்கத்துக்கு அடிக்கக் கொண்டுவந்த பிளைவுட் இருந்தது. இருபத்திரண்டுக்குப் பதினாறு. நாலு மூலையிலும் துணி ஒட்டித் தந்தால் துண்டு நகராது என்றேன். தலையசைத்தார்.

அப்போதுதான் அது நடந்தது. உலகம்மாள் வானத்தை விட்டுவிட்டுக் கீழே இறங்கினார். சிவப்புப் படகின் மேல் விரலை வைத்துத் தடவினார். பிறகு அதிலிருந்து ஒரு துண்டைக் கிளப்பினார். அது பச்சைக் கட்டம். அவரே வைத்தது, சரியாக வைத்தது. அதைத் தாம்பாளத்தில் போட்டார். பக்கத்துத் துண்டையும் எடுத்தார்.

"உலகு, அது சரியாத்தான் இருக்கு" என்றார் கோமதிநாயகம்.

"தெரியும்."

"அப்ப எதுக்கு எடுக்க?"

"இது வைக்கையில நல்லா இருந்துச்சு."

இன்னும் எடுத்தார். படகு போயிற்று. படகின் நிழலும் கொஞ்சம் போயிற்று. கோமதிநாயகம் குருவைப் பார்த்தார். குரு உலகம்மாளின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு துண்டு எடுத்தபின் உலகம்மாள் தாம்பாளத்தை ஒரு தடவை குலுக்கிக் கலந்துவிட்டு, "நாளைக்கு" என்றார். எழுந்து முகம் கழுவப் போனார். இசக்கி கூடவே போனாள். வீட்டுக்கு எப்போது போவோம் என்று அன்று அதற்குமேல் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஐந்து மணிக்குக் குரு கிளம்பினார். கோமதிநாயகம் வாசல் வரை வந்தார். குரு செருப்பைப் போடும்வரை நின்றார்.

"அம்மா, அவ கை வச்சது ஒண்ணு எனக்கு வேணும்னுதான் கேட்டேன். என்னோடதை எடுத்தாச்சு. இருந்தது முந்நூத்தி எண்பத்தாறு. அதையும் இப்ப அவளே எடுக்க ஆரம்பிச்சிட்டாளே."

குரு திரும்பிப் பார்த்தார்.

"எடுக்கதும் அந்தக் கைதானே அண்ணாச்சி" என்றார்.

கோமதிநாயகம் குரு தெருமுனை திரும்பும்வரை நின்றார். பிறகு உள்ளே வந்து, என்னையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, பலகையைப் படத்தின் மேல் மெதுவாக இறக்கினார். தாம்பாளத்தைப் பக்கத்தில் வைத்தார். கட்டத் தாளை மடித்து அலமாரியில் வைக்கப் போனார். பாதி வழியில் நின்று என்னைப் பார்த்தார்.

"எண்ணும்வே" என்றார்.

தாம்பாளத்தில் இருந்ததை இரண்டு தடவை எண்ணினேன். மீதி நூற்று முப்பத்தொன்று.